வலிக்கிறது என்று சொல்பவரை நம்ப வேண்டும்

விளையாட்டுச் செய்திகளில் ஒரு வாக்கியம் ஓயாமல் இடம்பெறுகிறது: "வலியைப் பொருட்படுத்தாமல் களமிறங்கி வென்றார்." வாசிப்பவருக்கு அது எழுச்சி தரலாம். மருத்துவமனையில் பணிபுரியும் எனக்கு அந்த வாக்கியத்தின் மீது நெடுநாள் மனக்குறை உண்டு. செய்தித்தாளிலிருந்து அது நோயாளியின் கட்டிலருகே வந்து நின்றுவிடுகிறது என்பதே காரணம். "அந்தப் பிள்ளைகளெல்லாம் வலியைத் தாங்கித்தானே பதக்கம் வாங்குகிறார்கள், நீயும் கொஞ்சம் தாங்கிக்கொள்" என்று உறவினர்கள் சொல்வதைப் பார்வையாளர் நேரத்தில் வார்டின் வழியே நடந்தால் கேட்கலாம். சொல்பவரின் அன்பில் எனக்கு ஐயமில்லை. ஆனால், உலகின் மிகக் கடினமான விளையாட்டுகளில் ஒன்றில் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் உச்சத்தில் இருந்த ஒருவரின் வாழ்க்கையைக் கூர்ந்து பார்த்தால், அது இதற்கு நேர்மாறான செய்தியைச் சொல்கிறது.

பெக்கி டௌனி இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரைச் சேர்ந்தவர், 1992இல் பிறந்தவர். அவருடைய துறை ஜிம்னாஸ்டிக்ஸ் எனப்படும் சீருடற்பயிற்சி. அதிலும் அவருக்குப் பெயர் தேடித் தந்தது, உயரம் வேறுபட்ட இரண்டு கம்பிகளில் செய்யப்படும் பெண்களுக்கான பயிற்சி. ஒரு கம்பி தரையிலிருந்து சுமார் 170 சென்டிமீட்டர் உயரத்திலும் மற்றொன்று சுமார் 250 சென்டிமீட்டர் உயரத்திலும் இருக்கும். வீராங்கனை மேல் கம்பியைப் பிடித்துச் சுழன்று, கையை விட்டு, காற்றில் உடலை மடக்கி, மீண்டும் அதே கம்பியைப் பற்ற வேண்டும். முழு உடலின் எடையும் அதன் வேகமும் விரல்களிலும் மணிக்கட்டிலும் முழங்கையிலும் தோளிலும் வந்து இறங்கும். முடிவில் கம்பியை விட்டுக் குதித்துத் தரையில் நிற்கும்போது, உடல் எடையைப் போலப் பல மடங்கு விசையைக் கணுக்கால்கள் ஏற்க வேண்டும். இதை ஒரு நாளில் ஒருமுறை செய்வதில்லை. வாரத்தில் பல நாள்கள், திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்.

டௌனி தம் 16ஆம் வயதில், 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பிரிட்டன் அணியில் இடம்பெற்றார். நான்கு ஆண்டுகள் கழித்துத் தம் சொந்த நாட்டிலேயே, இலண்டனில், ஒலிம்பிக் நடந்தபோது அவருக்கு அணியில் இடமில்லை. பல வீராங்கனைகள் அத்துடன் விலகிவிடுவார்கள். அவர் விலகவில்லை. 2014இல் சோஃபியாவில் ஐரோப்பியப் பட்டம், அதே ஆண்டு கிளாஸ்கோவில் காமன்வெல்த் தங்கம், 2015இல் உலகப் போட்டியில் பிரிட்டன் பெண்கள் அணி முதன்முதலாகப் பெற்ற வெண்கலத்தில் பங்கு, 2016இல் பெர்ன் நகரில் மீண்டும் ஐரோப்பியப் பட்டம், தங்கை எல்லியுடன் ரியோ ஒலிம்பிக் என்று தொடர்ந்தார். 2019இல் ஸ்டுட்கார்ட் உலகப் போட்டியில் கம்பிப் பயிற்சியில் வெள்ளி வென்றபோது அவருக்கு வயது 27. முன்பெல்லாம் அந்த வயதில் இத்துறையினர் ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருக்கும்.

இடையில் உடல் கொடுத்த தொல்லைகள் பல. கணுக்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். 2017இல் மான்ட்ரியலில் நடந்த உலகப் போட்டியில் கம்பியிலிருந்து விழுந்து முழங்கை மூட்டு விலகியது. கைகளால் தொங்கியே பிழைக்கும் ஒருவருக்கு முழங்கை மூட்டு விலகுவதென்பது, தச்சருக்குக் கை போவதைப் போன்றது. பின்னர் அவர் வென்ற வெள்ளியை அதனுடன் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் மதிப்புத் தெரியும்.

ஆனால் நான் இங்கு எழுத விரும்புவது அவர் பெற்ற காயங்களைப் பற்றியன்று. காயம் வலித்தபோது அவருக்குச் சொல்லப்பட்டதைப் பற்றி.

2020 ஜூலையில் டௌனி சகோதரிகள் இருவரும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். தங்கள் விளையாட்டில் வீராங்கனைகளை இழிவாக நடத்துவது வேரூன்றிப்போய், இயல்பான ஒன்றாகவே கருதப்படுகிறது என்றார்கள். எல்லி தம் பதின்ம வயதிலேயே உடல் எடைக்காகத் தாம் அவமானப்படுத்தப்பட்டதை எழுதினார். பெக்கி எழுதியதில் ஒரு பகுதி என்னை நிறுத்தியது. தேசியப் பயிற்சி முகாம்களில் பின்பற்றப்பட்ட முறை பாதுகாப்பற்றது என்று 2018இல் தாம் பேசியதாகவும், உடல் தளர்ந்து விழும் அளவுக்குத் தமக்குப் பயிற்சி அளிக்கப்பட்டதாகவும், தமக்கு மனவலிமை போதவில்லை என்றும் தாம் சொல்லும் வலி உண்மையானதன்று என்றும் தம்மிடம் கூறப்பட்டதாகவும் அவர் தெரிவித்திருந்தார்.

யாரிடம் இவ்வாறு கூறப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள். இரண்டு முறை ஐரோப்பியப் பட்டம் வென்றவரிடம். அறுவைச் சிகிச்சையையும் மூட்டு விலகலையும் கடந்து மீண்டும் கம்பியைப் பிடித்தவரிடம். வலியைத் தாங்கும் ஆற்றலுக்கு உலகில் சான்றிதழ் வழங்கப்படுமானால், அதை முதலில் பெற வேண்டியவர்களில் அவர் ஒருவர். அவருக்கே 'உன் வலி பொய்' என்று சொல்ல முடிந்தது என்றால், இடுப்பு வலிக்கிறது என்று சமையலறையிலிருந்து சொல்லும் ஐம்பது வயதுப் பெண்மணிக்கும், நடக்கப் பயந்து கட்டிலில் அமர்ந்திருக்கும் முதியவருக்கும் என்ன சொல்லப்படும் என்பதை நாம் அறிவோம். மருத்துவர்களும் இதற்கு விலக்கல்லர். 'படத்தில் ஒன்றுமில்லை' என்று நாங்கள் சொல்லும் சொல், 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்று நோயாளியின் காதில் விழுகிறது. சில நேரங்களில் சொல்பவரும் அந்தப் பொருளிலேயே சொல்கிறார்.

இரண்டும் ஒன்றல்ல. எக்ஸ்-ரே எலும்பைக் காட்டும்; தசைநாரையும் நரம்பையும் சரிவரக் காட்டாது. அளவுக்கு மீறிய பயிற்சியால் எலும்பில் உண்டாகும் மெல்லிய விரிசல், தொடக்க வாரங்களில் எக்ஸ்-ரேயில் தென்படாமல் போவது மிகச் சாதாரணம், எம்.ஆர்.ஐ. படத்தில் அது தெரியலாம். எந்தப் படத்திலும் தெரியாத வலியும் உண்டு. காயம் ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் எச்சரிக்கை மணியை அடித்துக்கொண்டே இருக்கும் நிலை அது. அந்த மணி நோயாளி கற்பனையாக அடிப்பதன்று.

அந்தச் சகோதரிகள் பேசிய அதே 2020ஆம் ஆண்டில், பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் வலி என்பதற்கு 1979 முதல் வழக்கிலிருந்த தன் வரையறையைத் திருத்தி வெளியிட்டது. உடல் திசு சேதமடைந்திருந்தாலும், சேதமடைந்ததைப் போன்ற உணர்வு மட்டுமே இருந்தாலும், உடலும் மனமும் சேர்ந்து அனுபவிக்கும் துன்பமே வலி என்பது அதன் சாரம். வரையறையுடன் சில குறிப்புகளையும் சேர்த்தார்கள். அவற்றுள் ஒன்று, ஒருவர் தமக்கு வலி இருக்கிறது என்று கூறுவது மதிக்கப்பட வேண்டும் என்பது. மருத்துவ அறிவியல் தன் வரையறையின் அருகிலேயே இதை எழுதிவைக்க வேண்டியிருந்தது என்பது, அது எத்தனை முறை மதிக்கப்படாமல் போயிருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

பிள்ளைகள் விஷயத்தில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பெற்றோர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. வளரும் பிள்ளையின் நீண்ட எலும்புகளின் முனையருகே குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான். அது முற்றிய எலும்பைவிட வலுக்குறைந்தது. ஜிம்னாஸ்டிக்ஸில் கைகள் கால்களைப் போல உடலைத் தாங்குகின்றன; அதனால் மணிக்கட்டருகே உள்ள வளர்ச்சித் தட்டு மீண்டும் மீண்டும் நசுங்கி நோகிறது. ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வலியை மறைத்துப் பயிற்சியைத் தொடர்ந்தால் அந்த எலும்பின் வளர்ச்சியே குன்றக்கூடும். 'பழகிவிடும்' என்று சொல்லப்படுகிற வலிகளில், பழகக் கூடாத வலி இது.

உணவும் அப்படியே. செலவிடும் ஆற்றலுக்கு ஈடாக உண்ணாத உடல், தான் ஒத்திவைக்கக்கூடிய வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்துகிறது. பெண்பிள்ளைகளில் மாதவிடாய் தள்ளிப்போகிறது அல்லது நின்றுவிடுகிறது, எலும்பு வலுவிழக்கிறது, சிறு காயமும் ஆற மறுக்கிறது. 'நன்றாகப் பயிற்சி எடுக்கிறாள், அதனால்தான் மாதவிடாய் வரவில்லை' என்று அதை நல்ல அறிகுறிபோல் சொல்லும் பழக்கம் விளையாட்டு உலகில் இருந்தது. சர்வதேச ஒலிம்பிக் குழுவின் வல்லுநர்கள் 2014இல் இதை ஆண், பெண் இருபாலரையும் தாக்கும் ஒரு நோய்நிலையாகவே விவரித்தார்கள். எடை குறைந்தால் காற்றில் உயரே போகலாம் என்ற கணக்கு, எலும்பின் கணக்கில் வந்து இடிக்கிறது.

இதை வாசிக்கும் சிலர் ஒரு கேள்வி கேட்பார்கள். எங்கள் இயன்முறை மருத்துவர்களே முதலில் கேட்பார்கள். வலிக்கிறது என்றவுடன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டால் எவரும் குணமடைய முடியாதே? உண்மைதான். முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் வலிக்குப் பயந்து காலை மடக்காமல் இருந்தால், மூட்டு இறுகிவிடும். நீண்டநாள் முதுகுவலி உள்ளவர் படுத்தே கிடந்தால் வலி கூடுமே தவிரக் குறையாது. டௌனியும் தசை நோகாமல் ஒரு நாளும் பயிற்சி செய்திருக்க மாட்டார். ஒருவரின் வலியை நம்புவது என்றால் அவரை அசையவிடாமல் வைப்பது என்று நான் சொல்லவில்லை. நம்பினால்தான் அது எந்த வகை வலி என்று பேசவே முடியும்.

புதிய பயிற்சியால் வரும் தசைநோவு பெரும்பாலும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ உச்சம் பெறும், பரவலாக இருக்கும், உடல் சூடேறினால் தணியும், சில நாள்களில் போய்விடும். காய வலி வேறு. ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஓரிடத்தில் இருக்கும், பயிற்சி செய்யச் செய்யக் கூடும், இரவில் எழுப்பும், வீக்கம் வரும், நடை மாறும். இந்த வேறுபாட்டைக் கண்டறிய ஒரே வழி, வலிப்பவரிடம் கேட்பது. பத்துக்கு எத்தனை என்று செவிலியர் கேட்கும்போது 'அவர் சும்மா சொல்கிறார், மூன்று என்று போட்டுக்கொள்ளுங்கள்' என்று பக்கத்திலிருந்து விடை சொல்லும் உறவினரைத் தயவுசெய்து வெளியே தேநீர் அருந்தி வரச் சொல்லுங்கள்.

வலியைச் சொல்லும் பிள்ளையை நம்பாத ஓர் அமைப்பு என்னவாகும் என்பதற்குப் பிரிட்டன் ஓர் ஆவணமே வைத்திருக்கிறது. பல வீராங்கனைகள் பேசிய பின், அந்நாட்டின் இரண்டு விளையாட்டு நிதி அமைப்புகள் ஒரு சுதந்திர விசாரணைக்கு ஏற்பாடு செய்தன. வழக்குரைஞர் ஆன் வைட் தலைமையில் நடந்த அந்த விசாரணையில் 400க்கும் மேற்பட்ட முறையீடுகள் பெறப்பட்டன. 2022 ஜூனில் வெளியான அறிக்கை, காயத்துடன் பயிற்சி செய்யக் கட்டாயப்படுத்துவது, வலியால் அழும்போதும் உடலை வளைத்து நீட்டுவது, உணவையும் குடிநீரையும் கழிப்பறை செல்வதையும் தடுப்பது, எடையைச் சொல்லி இழிவுபடுத்துவது ஆகியவற்றை விவரிக்கிறது. 17 பரிந்துரைகள் அதில் உள்ளன. பிரிட்டன் ஜிம்னாஸ்டிக்ஸ் அமைப்பு மன்னிப்புக் கேட்டது. 2023இல் அது வகுத்த விதிகளின்படி, பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை எடை பார்க்கவே கூடாது; அதற்கு மேற்பட்டவர்களையும் அவர்களின் சம்மதமின்றிப் பார்க்கக் கூடாது. எடை பார்க்கும் கருவியில் ஏற்றுமுன் சம்மதம் கேட்பது மருத்துவமனைகளிலும் பின்பற்றத்தக்க மரியாதை என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த அறிக்கையில் என்னை அதிகம் உறுத்துவது, முறையிட்டவர்களில் பெற்றோரும் இருந்தார்கள் என்பது. பயிற்சிக் கூடத்தின் கதவுக்கு வெளியே காத்திருந்தவர்கள் அவர்கள். 'பயிற்றுநருக்குத் தெரியும்' என்று நம்பினார்கள். மருத்துவரையும் அப்படித்தான் நம்புகிறார்கள். நம்பிக்கை வேண்டியதுதான், ஆனால் கேள்வி கேட்கக் கூடாது என்று சொல்லும் பயிற்றுநரையும் மருத்துவரையும் நம்ப வேண்டியதில்லை.

வலியைத் தாங்கி வென்ற கதைகளில் மிகப் புகழ்பெற்றது அமெரிக்காவின் கெர்ரி ஸ்ட்ரக் என்பவருடையது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில், முதல் தாவலில் கணுக்கால் பிசகிய பின்னும் இரண்டாம் முறை ஓடித் தாவி, ஒற்றைக் காலில் நின்று காட்டினார். உலகமே கைதட்டியது. அவருக்கு அப்போது வயது 18. மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்தபோது, அந்த இரண்டாம் தாவல் இல்லாமலேயே அமெரிக்க அணி தங்கம் வென்றிருக்கும் என்று தெரிந்தது. அதன்பின் அவர் எந்த ஒலிம்பிக்கிலும் ஆடவில்லை. நாம் கைதட்டியது எதற்காக என்று அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

டௌனியின் கதை அவ்வளவு பளிச்சென்று முடியவில்லை. 2021 மே மாதம், டோக்கியோ ஒலிம்பிக்கிற்கான தேர்வுகள் நடந்துகொண்டிருந்தபோது, அவருடைய தம்பி கிரிக்கெட் பயிற்சியின்போது சரிந்து விழுந்து இறந்தார். வயது 24. டௌனிக்குப் பிறகு தனியாக ஒரு தேர்வு நடத்தப்பட்டது. அணியில் அவர் பெயர் இல்லை. தேர்வுக் குழுவின் முடிவை எடைபோட நான் ஆளில்லை. ஆனால் துக்கம் உடலை என்ன செய்யும் என்பதை மருத்துவமனையில் இருப்பவர்கள் அறிவோம். உறக்கம் கெடும்; பசி போகும்; கவனம் சிதறும்; ஆறிக்கொண்டிருந்த புண் ஆற மறுக்கும். அதற்கும் எக்ஸ்-ரே இல்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து, 32ஆம் வயதில், அவர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடினார். முதல் ஒலிம்பிக்கிற்கும் இதற்கும் இடையே பதினாறு ஆண்டுகள். கம்பிப் பயிற்சியின் இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்றார், அங்கே தவறி விழுந்தார், பதக்கம் கிட்டவில்லை. அவருடைய பிரிட்டன் அணி நான்காம் இடம் பெற்றது. ஒலிம்பிக் பதக்கம் ஒன்றுகூட இல்லாத இந்த வாழ்க்கையைத்தான் நான் நோயாளிகளிடம் சொல்ல விரும்புகிறேன். தம் உடலைப் பற்றித் தாம் அறிந்ததை, கேட்க மறுத்தவர்களிடமும் அவர் சொன்னார். சொன்னதற்காகப் பலவீனமானவர் என்று பெயர் வாங்கினார். அதற்கு அடுத்த ஆண்டு உலகப் போட்டியில் வெள்ளி வென்றார்.

விளையாட்டில் ஈடுபடும் பிள்ளைகளை எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு அழைத்து வரும் பெற்றோர் சிலவற்றைச் செய்தால் பேருதவியாக இருக்கும். வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மணி நேரம் பயிற்சி என்பதைத் தாளில் குறித்து வாருங்கள். வலி எந்தப் பயிற்சியில் தொடங்கியது, இரவில் எழுப்புகிறதா, எந்த மாத்திரையை எத்தனை நாளாகக் கொடுக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். வலிநிவாரணி மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போவது வழக்கமாகிவிட்டிருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். பெண்பிள்ளையாக இருந்தால் கடைசி மாதவிடாய்த் தேதியை அவளே சொல்லட்டும்; அதற்காக உங்களைச் சிறிது நேரம் வெளியே இருக்கச் சொன்னால் வருந்த வேண்டாம். எங்கே வலிக்கிறது என்று மருத்துவர் கேட்கும்போது, பிள்ளை தன் விரலால் தொட்டுக் காட்டும்வரை பொறுத்திருங்கள்.